ஆ. வளர்மதி, 12.6.1991

பிப்ரவரி 3, திங்கள்

தொழிற்சங்கத்தில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. இன்றிலிருந்து எழுதப்போகிறேன். வீடு வாங்குகிற விஷயத்தில் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று எல்லாம் இதில் இருக்க வேண்டும். நாளைக்கு எவனாவது பேச்சு மாறினால் கோர்ட்டில் எடுத்து வைக்கலாம்.

நான் இருபத்தாறு வருஷமாகப் பஸ்ஸில் இருக்கிறேன். முதலில் கண்டக்டர், இப்போது செக்கிங். பஸ்ஸில் ஏறி இரண்டு காலையும் ஊன்றுவதற்குள் டிக்கெட் எடுக்காதவன் யாரென்று சொல்லிவிடுவேன். எடுத்தவன் என் முகத்தைப் பார்ப்பான், எடுக்காதவன் ஜன்னல் பக்கம் பார்ப்பான். மனுஷர்களைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

இன்று அக்ரிமென்ட் போட்டாயிற்று. திண்டுக்கல், முத்துவேல் நகர், மூன்றாம் தெரு. இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு கொய்யா மரம். விற்கிறவர் பெயர் சுகுமாரன். திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாராம். ஊர் நிலத்தை விற்ற பணத்தில் பாதியை அட்வான்ஸாகக் கொடுத்தேன். மே மூன்றாம் தேதிக்குள் கிரயம் முடிக்க வேண்டும். பேங்க் லோன் கிடைக்காவிட்டாலும் நான் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு என்று ஒரு வரி இருக்கிறது. புரோக்கர் அதை வேகமாக வாசித்துத் தாண்டினான். நான் கவனித்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. சுகுமாரனின் அப்பா ஆறுமுகம் 1988இல் மனை வாங்கியிருக்கிறார், அது தாய்ப் பத்திரத்தில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு சுகுமாரனின் தம்பி தன் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறார். அது சான்றிதழில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் இரண்டு மகன்கள். எல்லாம் பொருந்துகிறது. இவ்வளவு பொருந்துவதே எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரி செண்பகம் இன்றும் மொட்டைமாடியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஏறிப் போனதும் வைத்துவிட்டாள். யாரு என்றேன். "பால்காரம்மா" என்றாள். பிறகு அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். பால்காரம்மா என்றுதான் இருந்தது, நாற்பத்தொரு நிமிஷம். பால்காரம்மாவிடம் நாற்பத்தொரு நிமிஷம் என்ன பேச்சு? வீட்டு விஷயத்தைத் தன் அண்ணன்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

பிப்ரவரி 13, வியாழன்

பேங்க்கில் லோன் பாரம். செண்பகம் கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்க்கிறாள் என்பதால் அவளும் கூட்டு மனுதாரர். நாற்பது பக்கம். நான் பேனாவை எடுத்துக் கடகடவென்று போட்டுக்கொண்டே போனேன். அவள் ஒவ்வொரு பக்கமாக வாசிக்கிறாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"என்னத்தத்தான் அப்படி வாசிக்கிற?"

"வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். உங்க வீட்டுக்கு வந்து கத்துக்கிட்டது."

எங்கள் வீட்டில் அவளுக்கு யார் இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் அம்மாவுக்குக் கைநாட்டுத்தான்.

கிரயமானாலும் பத்திரம் நம் கைக்கு வராதாம். அசல் எல்லாம் கடன் தீரும் வரை பேங்க்கில் இருக்கும். கொடுத்ததற்கு எழுத்தில் பட்டியல் வேண்டும் என்று சொன்னேன். அது வழக்கம்தான் சார் என்று மேனேஜர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பீரோவும் கட்டிலும் அந்த வீட்டு அறைக்குள் நுழையுமா என்று அளக்க டேப்போடு போனேன். சுகுமாரன் தனியாக இருந்தார். அளந்து முடித்துத் தண்ணீர் கேட்டேன். எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்தார். அண்ணாந்து குடிக்கும்போது சொம்பின் கழுத்தில் பெயர் வெட்டியிருப்பது கண்ணுக்கு நேரே வந்தது. ஆ. வளர்மதி, 12.6.1991.

பெண்ணுக்குச் சீர் கொடுக்கிற பாத்திரத்தில் கல்யாணத் தேதியோடு பெயர் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கடையிலேயே ஒருத்தன் சின்ன மிஷினோடு உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பான். சுகுமாரன் மனைவி பெயர் ஜோதி என்று அக்ரிமென்ட் அன்றே கேட்டு வைத்திருந்தேன்.

"வளர்மதிங்கிறது யாரு சார்?"

"அதா... பெரியப்பா பொண்ணு."

"உங்க பெரியப்பா பேரு?"

"சின்னையா."

"அப்ப சி. வளர்மதின்னுல்ல வெட்டியிருக்கணும்? ஆ-ன்னு இருக்கே."

சுகுமாரன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்ன சார் நீங்க, பஸ்ல டிக்கெட் கேக்குற மாதிரியே கேக்குறீங்க" என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆ என்றால் ஆறுமுகம். இவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். வாரிசுச் சான்றிதழில் அவள் இல்லை. அட சண்டாளா! என் ஆயுசு உழைப்பை முழுங்கப் பார்த்தானே!

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். கூடப்பிறந்தவளின் பேரையே இல்லாமல் பண்ணிவிட்டான், இவனெல்லாம் மனுஷனா என்று கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் வீட்டிலும் பெயர் வெட்டின பாத்திரங்கள் சில உண்டு. அம்மா போன பிறகு செண்பகம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலையில் கவனம் இல்லை. செம்பட்டி பஸ்ஸில் ஒருத்தன் ஜன்னல் பக்கமே பார்த்தான், கேட்காமல் இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

லோன் சாங்ஷன் ஆகிவிட்டது. பேங்க் வக்கீல் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

அந்தச் சொம்பைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பேசாமல் இருந்தால் அடுத்த மாதம் வீடு. சொன்னால் லோன் நிற்கும், மே மூன்று தாண்டும், அட்வான்ஸ் போகும். வாடகை வீட்டுக்காரர் வேறு தன் மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். புரோக்கரிடம் ஜாடையாகக் கேட்டேன். "பொண்ணுங்க யாருண்ணே வந்து கேக்கப்போறாங்க? கட்டிக் குடுத்தாச்சு, செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு" என்கிறான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதிலும் தப்பில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பேங்க்குக்கு எழுதிக் கொடுத்த வக்கீல் ஜெசிந்தாவை நேரில் போய்ப் பார்த்தேன். கோர்ட் எதிரில் மாடியில் ஆபீஸ். சின்ன வயசுதான், ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கிறது. நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

பேங்க் வக்கீலே சரி என்று சொன்ன பிறகு எனக்கென்ன பயம் என்று கேட்டேன்.

"சார், நான் எழுதுனது பேங்க்குக்கு. கையில குடுத்த காகிதத்தப் பாத்து எழுதுனது. கேஸ் வந்தா நீங்கதான் அலையணும். அப்பவும் மாசாமாசம் தவணை கட்டிட்டேதான் அலையணும்."

வில்லங்கத்தில் ஒன்றுமே இல்லையே?

"பதிவானதுதான் அதுல வரும். பொறந்த பிள்ளை அதுல வராது."

சொம்பு விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா சம்பாதித்த சொத்து, உயில் இல்லாமல் போய்விட்டார் என்றால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, வாரிசுச் சான்றிதழில் பெயர் விட்டுப்போனதால் பங்கு போய்விடாது என்றார். பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்பார்களே என்றேன். கூடப்பிறந்தவர்களிடம் அது அவ்வளவு லேசில் செல்லாது என்றார்.

"நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சுன்னா?"

"நகை நகைதான் சார். பங்கு பங்குதான்."

எழுந்திருக்கும்போது சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று இன்னொன்றும் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், ஆனால் வாசிக்காமல் போட்டுவிட்டாள் என்றால்?

"இந்தக் கேஸ்ல யாரு வாசிக்காமப் போட்டது?"

"இல்லம்மா, பொதுவாக் கேட்டேன்."

"என்னன்னு சொல்லி வாங்குனாங்கங்கறதப் பொறுத்து சார்" என்று என்னையே பார்த்தார். மணி ஆகிவிட்டது என்று வந்துவிட்டேன். அந்த அம்மாவிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

வளர்மதியைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. முத்துவேல் நகர் எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "வத்தலக்குண்டுல மாவு மில்லு வச்சிருக்கு. அவங்க அப்பாவுக்கு உசுரே அந்தப் புள்ளதான்" என்றார். ஊருக்கே தெரிந்த பிள்ளை, காகிதத்தில் மட்டும் இல்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை. உடம்பெல்லாம் மிளகாய்த்தூளும் மாவுமாக நின்றுகொண்டிருந்தது அந்த அம்மா. ஐம்பது வயசு தாண்டியிருக்கும். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு வந்து ஸ்டூலைத் தள்ளிப்போட்டது.

"எம் பேர விட்டது எனக்குத் தெரியும் சார். அப்பா காரியம் முடிஞ்ச மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"கேட்டா அண்ணன் வீட்டு வாசல் இல்லாமப் போயிரும்னு பாத்தேன். கேக்காமயும் இல்லாமத்தான் போச்சு. அந்தச் சொம்பு இன்னும் இருக்கா? நான் கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்துட்டுப் போறேன்னு வச்சுட்டு வந்தது."

பங்குக்கான பணம் தன் பெயரில் தனி டிடியாக வந்தால் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது. இல்லையென்றால் கோர்ட்தானாம். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னது. அப்புறம் இன்னொரு நிபந்தனை. பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் தனக்கு முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதாம்மா?"

"பத்தாவது பாஸ் சார். ஆனா எங்கிட்டயிருந்து போறத எனக்குச் சொல்லிட்டு எடுக்கணும்."

கிளம்பும்போது கேட்டது, "உங்களுக்கு அக்கா தங்கச்சி உண்டா சார்?"

ஒரு தங்கை, ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறாள் என்றேன்.

"வந்து போயி இருக்காங்களா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

மார்ச் 3, திங்கள்

ஒன்றை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். என் தங்கை பவுன்தாய் விஷயம் வேறு. அவள் ரிஜிஸ்தர் ஆபீசுக்கே வந்து கையெழுத்துப் போட்டவள். ஊர் நிலத்துக்கு முறைப்படி பதிவான விடுதலைப் பத்திரம். அன்றைக்கே பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். சட்டப்படி எல்லாம் சுத்தம். இரண்டு வருஷம் கழித்து நிலத்தை விற்றபோது போன் பண்ணி, "வித்துட்டியாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தீபாவளிக்கும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

சுகுமாரனிடம் நேருக்கு நேர் கேட்டேன். முதலில் குதித்தார். பிறகு அழுதார். "தங்கச்சிதான சார், என்ன கேட்டுறப் போகுதுன்னு நெனச்சேன்" என்றார். பொய் வாரிசுச் சான்றிதழை வைத்து விற்றால் கம்பி எண்ணணும், அட்வான்ஸை வட்டியோடு வை, இல்லை தங்கையைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கி வா என்று சத்தம் போட்டேன். தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசியில் ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்டவனிடம் வாங்குகிறோமே என்று அருவருப்பாக இருந்தது. ஆனால் வீடு நல்ல வீடு.

ஏப்ரல் 6, ஞாயிறு

புதுச் சான்றிதழ் வந்துவிட்டது. மூன்று பேர் பெயரும் இருக்கிறது. வக்கீலம்மா மறுபடி பார்த்து எழுதிக் கொடுத்தார். 21ஆம் தேதி கிரயம். மே நான்கு பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று.

சாமான் கட்ட ஆரம்பித்தோம். செண்பகம் பரணிலிருந்து அந்தச் சாக்கை இறக்கி ஒரு பித்தளைத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சவாம்.

"புதுசு வாங்கிக்கலாமே?"

"இதுவே புதுசுதான். அடுப்புலயே ஏறல."

திருப்பிக் காட்டினாள். பி. பவுன்தாய் என்று வெட்டியிருந்தது. அம்மா சீட்டுக் கட்டி அவளுக்கென்று வாங்கியது. கல்யாண வேனில் இடமில்லை, அப்புறம் கொண்டுவந்து தருகிறேன் என்று நான்தான் இறக்கி வைத்தேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

"புது வீட்டுல பால் காய்ச்சுறது நாத்தனார்தான். பவுனு வரணும். நீங்க போயிக் கூப்பிடுங்க" என்றாள்.

"அவ பேசவே மாட்டேங்கிறா, எப்படிக் கூப்பிட?"

"எங்கிட்டப் பேசுதே."

தன் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். பால்காரம்மா. எண்ணின் கடைசியைப் பார்த்தேன். பவுன்தாய் நம்பர்! எத்தனை நாளாக என்று கேட்டேன். நீங்கள் நிலத்தை விற்ற மறுநாளிலிருந்து என்றாள். என் வீட்டுக்குள்ளேயே இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் ஒரு நடமாட்டம். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடவில்லை. அவள் மறுபடியும் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கிரயம் முடிந்தது.

பத்தரை மணிக்கு டோக்கன். சுகுமாரனும் சாட்சிக் கையெழுத்துக்கு வந்த தம்பியும் ஒரு பெஞ்சில், வளர்மதி எதிர்ப் பெஞ்சில். பேங்க் ஆள் இரண்டு டிடியோடு ஓரமாக நின்றார். சுகுமாரன் ஒரு மஞ்சள் பையில் அந்தச் சொம்பைக் கொண்டுவந்து தங்கை பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா பைக்குள் பார்த்துவிட்டு மடியில் எடுத்து வைத்துக்கொண்டது.

வக்கீல் ஜெசிந்தா பத்திரத்தை நீட்டினார். வளர்மதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டது. பிறகு கழற்றிவிட்டு, "சார் வாசிக்கட்டும். வாங்குறவர் அவர்தான. பஸ்ல சத்தமாப் பேசிப் பழக்கப்பட்டவர்" என்றது.

சரி என்று நானும் சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். நான்கெல்லை, சர்வே எண், தொகை எல்லாம் ஓடிவிட்டது. கடைசிப் பக்கம் வந்தது. "மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியத்தை நன்கு அறிந்து, எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, இப்பத்திரத்தைப் படிக்கக் கேட்டு, மனப்பூர்வமாக..."

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

இதே ரிஜிஸ்தர் ஆபீஸ். இதே பச்சைப் பெஞ்ச். "வாசிச்சுக் காட்டுண்ணே, கண்ணாடி எடுத்தாரல" என்றாள் பவுன்தாய். "டோக்கன் கூப்பிட்டாச்சு, பட்டாவுல பேர் மாத்துற சமாச்சாரந்தான், போடு தாயி" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் போட்டாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெஞ்சுக்கு நேரே ஒரு ஜன்னல் இருக்கிறது.

"என்ன சார், எழுத்து தெரியலையா?" என்றது வளர்மதி.

"தெரியுதும்மா" என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். சந்தோஷமா என்று கேட்டாள். பவுன்தாய் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒட்டன்சத்திரம் போய்வந்தேன். தனியாகப் போனேன். ஒரு பையில் தவலை, இன்னொரு பையில் அந்த விடுதலைப் பத்திரத்தின் நகல்.

பவுன்தாய் வாசலில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தவலையை எடுத்து வைத்தேன். அடியைத் திருப்பித் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மே நாலு பால் காய்ச்சணும் தாயி. நீதான் வரணும்."

"அண்ணி சொன்னாங்க."

அப்புறம் நகலை எடுத்தேன். அன்றைக்கு வாசிக்கவில்லை, இன்றைக்கு வாசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம், நீயே வாசி என்று தரையில் உட்கார்ந்தாள்.

வாசித்தேன். நான்கு பக்கம். பாத்தியம், விடுதலை, மனப்பூர்வமாக, படிக்கக் கேட்டு என்று எதையும் தாண்டவில்லை. முடித்துவிட்டு, "உன் பங்க நான் எடுத்துக்கிட்டேன் தாயி. பட்டான்னு சொன்னது பொய். தவணையோட தவணையா அதையும் கட்டிருவேன்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரை நடுபஸ்ஸில் நிற்க வைத்து ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அது எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கே வாசிச்சிருந்தாலும் போட்டிருப்பேண்ணே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் செக்கிங் ஏறினார்கள். வேறு டிப்போ, புது ஆட்கள், என்னைத் தெரியாது. சட்டைப் பையில் பாஸ் இருந்தது. ஆனாலும் அவர் இரண்டு முறை கேட்கும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.